ராமநாதன் சார் கழற்றிய கியர் பெட்டி

படகு நடுங்குகிறது என்று கிஷன்லால் வந்து சொன்னபோது யமுனை ஏறிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். ஆற்றுப்படுகையில் காய்கறி போட்டிருந்த குடும்பங்களை மறுநாள் காலை கரைசேர்க்க வேண்டும். எங்கள் வெள்ள நிவாரணப் பிரிவுக்கு அந்தக் கரையில் இருந்தது ஒரே மோட்டார் படகு. ஓட்டுபவர் கிஷன்லால். தற்காலிக மெக்கானிக் நான். வேலை இன்னும் உறுதியாகவில்லை.

தண்ணீருக்கடியில் எதிலோ புரொப்பல்லர் இடித்திருக்கிறது. போன வருஷம் கரைத்த சாமி சிலையின் இரும்புச் சட்டமாக இருக்கும் என்றார். மண்ணும் வைக்கோலும் போய்விடும், சட்டம் அங்கேயே நிற்கும். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியவில்லை, வேகம் கொடுத்தால் உட்காரும் பலகைவரை அதிர்கிறதாம். இப்படி விவரமாகச் சொல்லும் டிரைவர் அமைவது மெக்கானிக்கின் பாக்கியம். பாதிப் பேர் தானாகவே இப்படி ஆகிவிட்டது என்பார்கள்.

ஒரு பிளேடின் நுனி மடங்கியிருந்தது. ஸ்பேர் புரொப்பல்லரை மாட்டி ஓட்டினோம். அதிர்வு குறைந்தது, நிற்கவில்லை. ஓடுகிறதே, போதும் என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிளக் வயரைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, புரொப்பல்லரை எடுத்துவிட்டேன். அது மாட்டியிருந்த தண்டு, அதாவது ஷாஃப்ட், அதன் முனையருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். ஒரு பக்கம் உரசியது, மறுபக்கம் விலகியது. ஷாஃப்ட் வளைந்திருந்தது. கியர் ஆயிலை வடித்தேன். பால் ஊற்றிய காபி நிறம். ஷாஃப்ட் ஆடி ஆடித் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

எங்கள் அதிகாரி ராமநாதன் சாரிடம் போனேன். கும்பகோணத்துக்காரர், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்வாசி, ஓய்வுபெறச் சில மாதங்களே பாக்கி.

"சார், இதை எடுத்துட்டுப் போனா நடு ஆத்துல ஆளுங்களோட நின்னுடும்."

"வேற ஷாஃப்ட் இருக்கா?"

இருந்தது. அதுதான் வம்பு. அதே மாடல் என்ஜின் ஒன்று, கியர் பெட்டியும் அதிலுள்ள ஷாஃப்டும் நல்ல நிலையில், ஷெட்டில் கிடந்தது. மேல்பகுதி ஜாம் ஆகி, உதவாது என்று கண்டெம் செய்து, ஏலத்துக்காக அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். சர்க்கார் ஆபீஸில் ஓடுகிற என்ஜினை உடைத்தால்கூட மன்னிப்பு உண்டு. கண்டெம் ஆன பொருளின் முத்திரையைத் தொட்டால் கிடையாது. அனுமதி கேட்டு கோப்பு போய் வருவதற்குள் வெள்ளமே வடிந்திருக்கும்.

சார் ஷெட்டுக்கு வந்து முத்திரையைத் தானே உடைத்தார். நான் ஸ்பேனரோடு குனிந்தேன். நகரச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். பேனா பிடித்தே பழகிய கை. ஸ்பேனர் வழுக்கி விரல் தோல் உரிந்தது. ஆறு ஏறுகிறது, இவருக்கு இப்போதுதானா மெக்கானிக் ஆக ஆசை வர வேண்டும் என்று மனசுக்குள் திட்டினேன். நான் ஜல்தி முடித்துவிடுகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். எந்த போல்ட் என்று மட்டும் காட்டு என்றார். ஷாஃப்டோடு கியர் பெட்டி தனியாக வந்த பிறகுதான் எழுந்தார். அதை எங்கள் என்ஜினில் மாட்டும் வேலையை எனக்கு விட்டார்.

மறுநாள் படகு நடுங்காமல் போனது. கிஷன்லால் நடை நடையாக எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தார். கடைசி நடையில் ஓர் அம்மா ஆட்டுக்குட்டியை அணைத்தபடி இறங்கினாள்.

விசாரணை வராமல் இருக்குமா? அந்த வாரமே வந்தது. முத்திரை வைத்த என்ஜினைக் கழற்றியது நீயா என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். கோல் மார்க்கெட் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டேன். சார் முந்திக்கொண்டார். கட்டுப்போட்ட விரலை மேஜைமேல் வைத்தார்.

"அவன் ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டலை. எல்லாம் நான்தான்."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அன்று ஸ்பேனரை ஏன் பிடுங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அவர் சர்வீஸ் பதிவேட்டில் ஏறிய கண்டனத்தோடு ஓய்வுபெற்றார். என் வேலை உறுதியானது. இன்று நான் சாப்பிடும் சோற்றில் அவர் பங்கு இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு: புரொப்பல்லரை மாற்றியும் அதிர்வு நிற்காவிட்டால் ஷாஃப்டைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. பிற்பாடு நான் ஃபோர்மேன் ஆனபோது, வில்லங்கமான போல்ட் எது வந்தாலும் ஸ்பேனரை நானே வாங்கிக்கொள்வேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் மனசுக்குள் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.