புவனா அக்கா ஒஸ்லோவைச் சுவைத்த மூன்று கிழமைகள்

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில், பேருந்துச் சாரதிகளுக்கான ஓய்வறையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அக்காவின் மகன் திருகோணமலையிலிருந்து தொலைபேசி எடுத்திருந்தான். "மாமா, அம்மா விடியக் காலமை போயிட்டா. நித்திரையிலை" என்றான். எதிரில் இருந்த நோர்வீஜிய நண்பர் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். அக்கா என்றேன். "எனக்குப் பலகாரம் தந்தாரே, அவரா?" என்றார். ஐந்து வருடங்களுக்கு முன் இதே அறைக்குள் கையில் பயற்றம் பணியாரத்துடன் நுழைந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டாகக் கொடுத்துவிட்டுப் போன பெண்மணியை அந்த மனிதர் மறக்கவில்லை.

திருகோணமலையிலிருந்து வந்து ஒஸ்லோவில் வாழும் பலருக்கு என் அக்கா புவனேஸ்வரியைத் தெரியும். தபால் கந்தோரில் கடிதங்களைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. வெளிநாட்டுக் கடிதம் வந்தால், மறுநாள் தபால்காரர் கொண்டுபோகட்டும் என்று விடமாட்டார். வேலை முடிந்து போகிற வழியில் தானே அந்த வீட்டுப் படலையைத் தட்டுவார். உங்களில் சிலருடைய தாய்மார் உங்கள் கடிதங்களை அக்காவின் கையால்தான் வாங்கினார்கள்.

ஊரில் சண்டை நின்றிருந்த ஒரு கோடையில் அவர் எங்களிடம் வந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. இடையில் அப்பா இறந்தபோது நான் போகவில்லை, போக முடியவில்லை. அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில், மூன்று கிழமையின் இருபத்தொரு நாளுக்கும் இடைவெளியே இல்லாமல் ஒரு திட்டம் போட்டிருந்தேன். முதலில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி, பிறகு கோயில், பிறகு ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டில் விருந்து.

அக்கா கடைத்தொகுதியை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார். இரண்டாவது விருந்திலிருந்து திரும்பி வரும்போது காரில் கேட்டார்.

"தம்பி, கோழிக்கறி திருகோணமலையிலும் கிடக்கு. இந்த நாட்டுச் சனம் என்ன தின்னுது? அதைக் காட்டு."

அத்தனை வருடங்களில் உருளைக்கிழங்கையும் பாண் ரொட்டியையும் தவிர வேறு எதையும் நான் விரும்பிச் சாப்பிட்டதில்லை. "உங்களுக்குப் பிடிக்காது அக்கா" என்றேன்.

"தின்னாமல் எப்பிடிச் சொல்லுறது?"

மறுநாள் காலையிலேயே தொடங்கினார். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மகள் அபிக்காக வாங்கி வைத்திருந்த பழுப்பு நிற, இனிப்பான நோர்வேச் சீஸைச் சீவி வாயில் போட்டவர், கண்ணை மூடிக்கொண்டு, "அட, இது எங்கடை தொதல் இனிப்பு" என்றார். பிறகு ஆவி பறக்கும் பிட்டின் மேல் அதை வைத்து, உருகியதும் பிசைந்து சாப்பிட்டார். என் மனைவி மாலதி வாயில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அபிக்கு அப்போது ஒன்பது வயது. தனக்கும் அப்படியே வேண்டும் என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். அவளுக்குப் பிட்டுத் தீத்த எத்தனையோ வருடம் மல்லுக்கட்டியவள் மாலதி. பிள்ளை முதன்முதலாகக் கேட்டு வாங்கிப் பிட்டுச் சாப்பிட்டது அன்றுதான்.

புரொக்னர் பூங்காவுக்குப் போனபோது நான் வேகமாக நடந்தேன். அங்கே இருக்கும் சிலைகள் ஒன்றிலும் ஆடை கிடையாது. மூத்த சகோதரியை வைத்துக்கொண்டு எப்படி நின்று பார்ப்பது? அக்காவோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். முகத்தைச் சுளித்து, காலை உதைத்து அழும் ஒரு குழந்தையின் சிலை முன்னால் நின்று, "அபி, இஞ்சை வா. இதுதான் உன்ரை அப்பா. பள்ளிக்கூடம் போகச் சொன்னால் இப்பிடித்தான் நிப்பார்" என்றார். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்குள்ள பாலத்தைக் கடக்கும்போது என் காதருகில், "இந்தக் குளிருக்கை இவைக்கு ஒரு சால்வையாவது குடுத்திருக்கலாம்" என்றார். அதன் பிறகு எனக்கும் வேகமாக நடக்கத் தோன்றவில்லை.

நகரசபைக்கு முன்னால் இருக்கும் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும். படகிலேயே அவித்த இறாலை அளந்து காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். அந்த வழியால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒருநாளும் வாங்கியதில்லை. அக்கா ஒரு கிலோ வாங்கச் சொன்னார். மரத்தளத்தின் ஓரத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த நோர்வீஜியக் கிழவரோடு அவருக்குப் பொது மொழி எதுவும் இல்லை. ஆனாலும் இறாலின் தலையைக் கிள்ளும் விதத்தில் கிழவர் ஒரு பாடமும் அக்கா ஒரு பாடமும் எடுத்தார்கள். ஒரு கடற்காகம் வந்து இறாலோடு தின்ன அக்கா கையில் வைத்திருந்த பாண் துண்டைப் பறித்துக்கொண்டு போனது. "எங்கடை ஊர்க் காகத்தின்ரை சொந்தக்காரர்" என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தார்.

அதே படகில் இரண்டு பெரிய கொட் மீன்களையும் வாங்கினார். வீட்டுக்கு வந்து மாலதி மீனைக் கழுவி வைத்து, கத்தியோடு தடுமாறிக்கொண்டிருந்தாள். நான் அவளிடமிருந்து கத்தியை வாங்கினேன். யோசிக்கவில்லை. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, முதுகெலும்போடு ஒரு இழுப்பு, திருப்பி மறுபக்கம். ஒரு நிமிடத்துக்குள் முள் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாகக் கிடந்தன. "அப்பா ஃபிளிங்க்" என்றாள் அபி. கெட்டிக்காரர் என்பதற்கு அவள் பள்ளியில் சொல்லும் நோர்வேச் சொல். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"பாட்ஸ்பியோர்ட் கந்தோரிலை உதுவும் பழக்கினவையோ?" என்று கேட்டார்.

வடக்கே பாட்ஸ்பியோர்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு வருடங்கள் நாள் முழுவதும் மீன் வெட்டியவன் நான். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் கந்தோர் வேலை. என் படிப்புக்காக அப்பா பட்ட பாட்டை நினைத்து எழுதிய பொய் அது. பிறகு திருத்த வழி தெரியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "அக்கா, அது..." என்று தொடங்கினேன்.

"தெரியும். உன்ரை இரண்டாவது கடிதத்துக்குள்ளை ஒரு மீன் செதில் ஒட்டிக்கிடந்தது."

"அப்பாவுக்கும் தெரியுமோ?"

"அவருக்கு அப்பவே கண் மங்கல். நான்தான் வாசிச்சுக் காட்டினனான். நீ எழுதினதை எழுதின மாதிரியே வாசிச்சன். கந்தோரிலை குளிர் கூடவோ எண்டுதான் அவர் கேட்டவர்."

மாலதி அபியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் அழுதேன். அப்பா இறந்தபோது அழாததையும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். அக்கா என்னை அணைக்கவில்லை. அப்படியான ஆள் இல்லை அவர். மூக்கைத் துடைக்கக் கடதாசி கிழித்துத் தந்தார்.

"ஏன் இவ்வளவு காலமும் கேக்கேல்லை அக்கா?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு விட்டனான். இவ்வளவு வடிவா வெட்டுற கையை ஏன் ஒளிச்சு வைச்சனி? மற்ற மீனை ஆறுதலா வெட்டு. எனக்கும் பழக வேணும்."

வெட்டிக் காட்டினேன். அன்று மாலை அந்த மீனை நோர்வேக்காரர் செய்வதுபோல உப்பில் மட்டும் அவித்து, உருளைக்கிழங்கோடு வைத்துச் சாப்பிட்டோம். அக்கா மட்டும் பக்கத்தில் கொஞ்சம் சம்பல் வைத்துக்கொண்டார். பாட்ஸ்பியோர்டைப் பற்றி அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் சொன்னேன். இருட்டே வராத கோடை, விடியாத பனி மாரி, உறைந்த கையுறை, எங்களோடு வேலை செய்தவர்களின் பகிடிகள். அபியும் மாலதியும்கூட அவற்றில் பாதியை அன்றுதான் கேட்டார்கள்.

அக்கா ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், சாப்பிட்டு எழும்பும்போது அபி வழக்கம்போல "தக் ஃபோர் மாத்தன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார்.

"சாப்பாட்டுக்கு நன்றி, மாமி. சமைச்ச ஆளுக்குச் சொல்லுறது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ மாலதிக்குச் சொல்லுறனியோ?"

"எங்கடை ஆக்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை அக்கா."

"எங்கடை ஆக்களிலை பழி போடாதை. நல்லாச் சாப்பிட்டன் எண்டு சொல்ல உனக்கு வாய் நோகுமோ?"

"விடுங்கோ மச்சாள், இவர் சொன்னால் எனக்குத்தான் பயம் வரும்" என்று மாலதி சிரித்தாள். அக்கா விடவில்லை. நான் சொல்லும்வரை கை கழுவப் போக என்னை அனுமதிக்கவில்லை. சொன்னேன். அதற்குப் பிறகு இந்த ஐந்து வருடங்களில் சொல்லாமல் எழும்பிய நாள் மிகக் குறைவு.

அக்காவின் படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் அவரிடமிருந்து வந்ததில் நான் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பயன்படுத்துவது அந்த ஒரு பேச்சைத்தான். செய்தி வந்த அன்று மாலதி சோறும் பருப்பும் மட்டும் வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம். எழும்பும்போது "நல்லாச் சாப்பிட்டன்" என்றேன். மாலதி தலையாட்டிவிட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினான்கு வயது அபி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, சமையலறைப் பக்கம் பார்த்து, நோர்வே மொழியில் சொல்லாமல், "நானும் நல்லாச் சாப்பிட்டன் அம்மா" என்றாள்.