நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மறைத்தவன்

அறுபதுகளில் நீலகிரியில், பிக்கட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன்தான். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். அதனாலேயோ என்னவோ, ஸ்டாஃப் கிளப்பின் புத்தக அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அதோடு ஒரு பொறுப்பும் வந்தது. எந்த நாவல் வந்தாலும் முதலில் நான் படிக்க வேண்டும். உள்ளட்டையில் ‘குடும்பத்தோடு படிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம் வீடுகளுக்குப் போகும். ஹெட் கிளார்க் போட்ட விதி இது.

விதிக்குக் காரணம் இருந்தது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டிலும் கரிக் கணப்பு ஒன்றுதான் இருக்கும். அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒருவர் கதையை வாய்விட்டு வாசிப்பார். நடுவில் ஒரு மாதிரியான வரி வந்துவிட்டால் குழந்தைகளை எங்கே அனுப்புவது? வெளியே மழை, அடுத்த அறையில் பல் கிட்டும் குளிர்.

எனக்கு அந்தச் சுத்தமான நாவல்கள் மேல் இளக்காரம். கல்லூரியில் பெரிய பெரிய புத்தகங்களைப் படித்தவன் அல்லவா? அவற்றில் பாதிதான் புரிந்தது என்பது வேறு விஷயம். எங்கள் அலமாரியில் ஒரு நாவல் இருந்தது. ஒரு கூட்டுக் குடும்பம், நான்கு மருமகள்கள், முந்நூறு பக்கம். அதில் நடக்கும் மிகப் பெரிய குற்றம், யாரோ உக்கிராண அறையில் வெல்லம் திருடியது. அந்தப் புத்தகத்தை எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது வாசித்திருந்தார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டரின் மனைவி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போனார். அது திரும்பி வந்தபோது என் புத்தி சும்மா இருக்கவில்லை.

ஃபேக்டரியில் சாம்பிள் தேயிலை கட்டும் காக்கிக் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டினேன். மைதாப் பசை காய்ச்சினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பாதியை மறைத்து ஒட்டினேன். அந்த இடத்தில் இருந்தது இதுதான்: மாமியார் இட்லிப்பானையின் மூடியைத் தேடுகிறாள். நான்கு மருமகள்களும் சேர்ந்து தேடுகிறார்கள். கடைசியில் அது ஊறுகாய்ச் சட்டியின் மேல் கிடக்கிறது.

யாராவது கேட்டால், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “மறுபடி படிச்சுப் பார்த்தேனுங்க. அது மட்டும் குடும்பத்துக்கு வேண்டாமுன்னு தோணுச்சு” என்பேன். வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

ஒரே வாரத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும், கதைப் புத்தகத்தைக் கையால் தொடாத டீ மேக்கர், தன் மாமனாருக்காக என்று சொல்லி வாங்கிப் போனார். மாமனார் இருந்தது ஈரோட்டில். ஹெட் கிளார்க் பரிசோதனைக்கென்று மூன்று முறை எடுத்தார். இதையெல்லாம்விட என்னைச் சிரிக்க வைத்தது வேறொன்று. போன வருடம் அதே பக்கத்தைப் படித்தவர்களுக்கெல்லாம் இப்போது ஞாபகம் வரத் தொடங்கியது. “ஆமாமா, அந்த எடம் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. நாங்க படக்குனு தாண்டிட்டோம்” என்று ஹெட் கிளார்க்கின் மனைவி சொன்னாராம். காகிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டி உரித்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. எந்த வீடு என்று தெரியாது. புத்தகம் திரும்பி வந்தபோது காகிதத்தோடு எழுத்தும் சேர்ந்து பிய்ந்து, பக்கம் கஞ்சியாகியிருந்தது.

இரவெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். உண்மையைச் சொன்னவர் ஒருவர் இருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கம்பவுண்டரின் மனைவிக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், “இட்லிப்பானை மூடியத் தேடறாங்க, அவ்வளவுதானுங்க” என்றார். யாரும் நம்பவில்லை. மூடியைத் தேடுவதற்கா காகிதம் ஒட்டுவார்கள்? வெட்கப்பட்டு மறைக்கிறார் என்றார்கள். அவர் வீட்டில் கம்பவுண்டரின் அக்காவும் இருந்தார். தம்பி மனைவி எதைச் செய்தாலும் ஒரு குறை வைத்திருப்பவர். குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து இதையா வாசித்தாய் என்று அவர் கேட்க, அன்றோடு அந்த வீட்டில் கதை வாசிப்பது நின்றது.

ஒரு நாள் மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு கம்பவுண்டரின் மனைவி கிளப் ஜன்னலுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“ஏனுங்க, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. அந்தக் கதையப் படிக்கையில எங்க ஊட்டுல யாரும் எந்திரிச்சுப் போக வேண்டியதில்லீங்க. அவங்க அக்காகூட எம்பக்கத்துல உட்கார்ந்துக்குவாங்க. மத்த நேரத்துல எங்கூடப் பேசறதே இல்லீங்க.”

அத்தனை வருடப் படிப்பிலும் நான் கேட்டிராத விளக்கம் அது. சுத்தமான கதை எதற்கு என்பதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன்? அது கமிட்டி முடிவு என்றேன். கமிட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, இது என் வேலை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. சாவி போய்விடுமே என்ற பயம். கொஞ்சம் ரசிக்கவும் செய்தேன். இப்படி இரண்டு மாதம்.

பிறகு எனக்கு இருமல் பிடித்தது. டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் மிக்சரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

“சார், அதுல என்னதானுங்க இருந்துச்சு? புத்தகத்துக்காகக் கேக்கலீங்க. அவ எங்கிட்டப் பொய் சொல்லுவாளான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

பாட்டிலை மூடி போடாமலே என்னிடம் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேறொரு பிரதி வாங்கி வந்து காட்டுகிறேன் என்றேன். லீவு போட்டு, ஊட்டி போய், மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பகல் முழுக்கத் தேடி அந்த நாவலைப் பிடித்தேன். உண்மையைச் சொல்வதற்கு இவ்வளவு பஸ் மாற வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில், கணப்பின் முன்னால் உட்கார்ந்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நானே வாசித்தேன். மாமியார் தேடினாள், மருமகள்கள் தேடினார்கள், மூடி கிடைத்தது. கம்பவுண்டரின் முகம் தெளிந்தது. ஆனால் அக்கா அசையவில்லை.

“இது வேற புத்தகமில்லீங்களா தம்பி? தப்பா இருந்ததை எடுத்துப்போட்டு, மூடிய வெச்சு மறுபடி அச்சடிச்சிருப்பாங்க” என்றார்.

கம்பவுண்டரின் முகம் மறுபடி இருண்டது. சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி என்னையே பார்த்தார். ஒளிந்துகொள்ள எனக்கு இடம் மிச்சமில்லை.

“நான்தானுங்க ஒட்டினேன்” என்றேன். “விளையாட்டுக்கு. மூடியத் தவிர அதுல ஒண்ணுமே இல்லீங்க. இவங்க சொன்னதுதான் நெசம்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பி.ஏ. படிச்சவருதானுங்களே நீங்க?”

ஆமாம் என்றேன்.

“இந்த மூடிக்காகவா ரெண்டு மாசமாக் கதை கேக்காம உட்கார்ந்திருந்தேன்” என்று அலுத்துக்கொண்டு, என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் தம்பி மனைவியிடம் நீட்டினார். “மொதல்ல இருந்து படி.”

அவர் உடனே வாங்கவில்லை. புருஷனைப் பார்த்தார். கம்பவுண்டர் தலை நிமிரவில்லை. மனைவியின் சொல்லுக்கு அச்சடித்த சாட்சி கேட்ட மனிதர் எப்படி நிமிர்வார்? அவரை அப்படிக் கேட்க வைத்தவன் நான். இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்தக் குனிந்த தலைதான். அடுத்த மழைக்கு அவர்களுடைய மூத்த மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். எல்லோரும் சேர்ந்து கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கக்கூடிய கடைசி மழைக்காலத்தில் இரண்டு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிரதி எந்தப் பழைய கடையிலும் கிடைக்காது.

விஷயம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. சாவியை என்னிடமே விட்டுவிட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை மட்டும் ஹெட் கிளார்க் கம்பவுண்டரின் மனைவியிடம் கொடுத்தார். பூட்டவும் திறக்கவும் பி.ஏ. போதும் என்றாராம்.

அவர் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது, அலமாரியில் வெகுநாளாக இருந்த ஒரு நாவல். நானே இரண்டு முறை படித்தது. ‘குடும்பத்தோடு படிக்கலாம்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில், டிஸ்பென்சரியில் மாத்திரை மடித்துக் கொடுக்கும் வெள்ளைக் காகிதம் நான்கு பக்கமும் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். தங்கையை ரயிலேற்ற அண்ணன் வருகிறான், முறுக்குப் பொட்டலம் கொடுக்கிறான். வேறொன்றும் கிடையாது. இரண்டு முறை படித்தவன் நான். எனக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் தாழிட்டுவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

உரித்துப் பார்த்தேன். அண்ணன் முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் புத்தகம் மாற்ற வந்தபோது அவர் குடையை உதறிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, தண்ணி நல்லாக் கொதிச்சுதுங்களா?”

“கொதிச்சுதுங்க” என்றேன். அவர் கேட்டு நான் உடனே சொன்ன முதல் உண்மை அதுதான்.