ரவை பூசிய பாட்டு

ரவையில் தண்ணீர் படும்போது எழும் வாசனை மற்றவர்களுக்கு உப்புமாவாக இருக்கலாம். எனக்கு அது ஒரு பிரெஞ்சுப் பாட்டு. ஏரிக்காற்றும் மாமாவின் கம்பளிச் சட்டையும் அதில் சேர்ந்தே மணக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி, பிரெஞ்சு பேசும் சுவிஸ் நகரமான லோசான். அம்மா ஏரிக்கரையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தைத் துப்புரவு செய்து வந்தார். புதன் பின்னேரங்களில் பள்ளி இல்லை, நானும் கூடப் போவேன். அந்த இலையுதிர்காலம் பாரிசிலிருந்து ஒரு பாடகி தன் நான்காவது இசைத்தட்டுக்காக வந்திருந்தார். தானே எழுதி, மெட்டுக் கட்டி, பாடுபவர். முதல் தட்டில் அவரும் பியானோவும் மட்டும். இரண்டாவதில் ஒரு கித்தார்க்காரர். அவரையே கலியாணமும் கட்டினார். மூன்றாவதற்குள் கலியாணம் முறிந்துவிட்டது, சினிமாவுக்கு இசையமைக்கும் ஒருவரோடு சேர்ந்தார், தட்டு விலைபோகவில்லை. எல்லாம் அவரே சொன்னது. ஒன்பது வயதுக்காரியிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ. தன் பழைய தட்டுகளின் அட்டைப் பின்புறத்தைக் காட்டினார்: கூட வாசித்தவர், கைதட்டியவர், கோப்பி போட்டவர் வரை பெயர். ஒருவரையும் விடமாட்டாராம், பிரிந்த கணவரைக்கூட.

தன் தம்பி மிருதங்கம் வாசிப்பான் என்று பாடகியிடம் அம்மா சொல்லிவிட்டார். பாதி பிரெஞ்சில், பாதி கையால். அடுத்த புதன் மாமா மிருதங்கமும் ஒரு பை ரவையுமாய் வந்தார்.

மாமாவின் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. பிடிபட்டால் வழக்கே கவிழும். கடிதம் வந்தால் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, குளித்து, திருநீறு பூசி, பிறகுதான் உடைப்பார். ஆனால் தாளம் போடுவதும் வேலைதான் என்று எனக்கு யார் சொன்னது?

அவர் கால் சப்பாத்தைக் கழற்றினார். மிருதங்கத் தோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். ரவையைக் கிண்ணத்தில் குழைத்தார். நாங்கள் மதியச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து, பாடகி ஓடிப்போய்க் கரண்டி எடுத்துவந்தார். மாமா குழையலை இடப்பக்கத் தோலில் அப்பி ஒரு தட்டுத் தட்டினார். கும். பாடகி கரண்டியோடு நின்றபடியே நின்றார்.

பிறகு பாடினார். குரல் தடக்கிய இடங்களில் மாமா அடிக்காமல் விட்டார். ஒரு சொல் பிரெஞ்சும் தெரியாது அவருக்கு.

முடிந்ததும் மாமாவிடம் தாளும் பேனாவும் வந்தன. பெயர்.

"பேர் வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். பெயரில்லாமல் அந்தப் பாட்டே போடமாட்டேன் என்றார் பாடகி. மாமா ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப உன்ரை பேரைக் குடு."

பள்ளிக்கூடத்துக் கூட்டெழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

வசந்தத்தில் தட்டு வந்தது. மிருதங்கம்: என் பெயர். கடைசி வரியில் ரவைக்கும் நன்றி. பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை மிருதங்கத்தை வாசித்துக்காட்டச் சொன்னார். தோல் கிழிந்துவிட்டது என்றேன். வீட்டில் இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கோ அன்றிலிருந்து அட்டையில் என் பெயர் களவெடுத்ததாய் உறுத்தியது.

கோடையில் மாமாவுக்கு ஒரு கடிதம். குளித்தார், திருநீறு பூசினார், உடைத்தார். அகதி அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்புமுன் கனடாவுக்குப் போய்விடுவதென்று முடிவாயிற்று.

மாமாவை வழியனுப்ப லோசான் ரயில் நிலையத்துக்கு நான் அந்த அட்டையோடு போனேன். என் பெயரை நீல மையால் வெட்டி, மேலே அவர் பெயரை எழுதியிருந்தேன். ஒரு பரிசு போல நீட்டினேன். மாமா வாங்கிப் பார்த்தார். பிறகு என் பேனாவையே வாங்கி, தன் பெயரை ஓர் எழுத்தும் தெரியாதபடி அடித்துவிட்டு, கீழே மறுபடி என் பெயரை எழுதினார். ரயில் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி அவர் சொன்னதைக் கேட்டு, என்னைக் குறைத்துப் பேசுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உன்ரை பேரே இருக்கட்டும், பிள்ளை. உன்னை ஒருத்தரும் தேட மாட்டினம்."