ஓனர் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

வாடகைக்கு விடுகிறவருக்குப் பெயருக்கா பஞ்சம்? ஒப்பந்தக் காகிதத்தில் அவர் உரிமையாளர். நேரில் சார். தண்ணீர் வரும் நாளில் ஓனர், வராத நாளில் அச்சில் ஏற்ற முடியாத ஏதோ ஒன்று. நம்முடைய ஆள் இருபத்திரண்டு வருடம் இத்தனை பெயரையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அவருக்குச் சொந்தமில்லை என்பதுதான் வேடிக்கை.

நாலு குடித்தனம் இருந்த அந்தக் கட்டடத்தின் நிஜச் சொந்தக்காரர் கடல் தாண்டி இருந்தார். இவர் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் தங்கி, சம்பளத்துக்கு மேற்பார்வை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், புதிதாகக் குடிவந்த ஒருவர் ஓடிவந்து, "ஓனர் சார், சாக்கடை அடைச்சிருக்கு" என்றார். நான் ஓனர் இல்லை என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். அதற்குள் சாக்கடை வாசல்வரை வந்துவிட்டது. மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது சொல்கிற நேரம் தப்பியிருந்தது. அன்றைக்குத் தப்பிய நேரம் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

தெரு முழுக்க அவரை ஓனர் என்றது. மூலைக்கடை நாய்கூட அவர் வந்தால், தானும் வாடகைக்கு இருப்பது போல எழுந்து வழிவிடும்.

கடல் தாண்டி இருந்தவர் ஒருநாள் செத்துப்போனார். அவருடைய மகள் வந்தாள். கூடவே அளவு நாடாவோடு இரண்டு பேர். கட்டடத்தை விற்றாயிற்று, இடிக்கப் போகிறார்கள்.

"அங்கிள், எல்லாரையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுங்க. நீங்களும் வேற இடம் பாத்துக்கங்க" என்றாள். பிறகு போனில் யாரிடமோ, "அதெல்லாம் வாட்ச்மேன் பாத்துப்பாரு" என்றாள்.

அந்தச் சொல் தன்மேல் பட்டது அவருக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தது போல இருந்தது.

நாலு கதவையும் தட்டிச் சொன்னார். மூன்று வீட்டில், நீயெல்லாம் ஒரு ஓனரா என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர் போல நின்று கேட்டுக்கொண்டார். கீழ்வீட்டில் பதினோரு வருடமாக இருக்கும் தையல்காரம்மா மட்டும் திட்டாமல், "உங்களுக்கு எங்க இடம்?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம்" என்றார்.

பார்க்கப் போனபோதுதான் சங்கதி புரிந்தது. அக்கம்பக்கத்தில் வாடகைக்குப் பலகை தொங்கிய வீடுகள் ஏழு. ஏழிலும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

"நாலு வீட்டை வச்சுக்கிட்டு என் ஒத்த ரூமுக்கு ஏன் சார் வர்றீங்க?" என்றார் ஒருவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டு வரி ஆபீசுக்கு வேவு பாக்குறீங்களா?" என்றார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. எட்டாவது இடம் மருந்துக்கடைக்காரம்மாவின் மொட்டைமாடி அறை. அங்கே அவர் சொல்லியேவிட்டார்.

"நான் ஓனர் இல்லீங்க. சம்பளத்துக்கு இருந்தவன்."

மருந்துக்கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போன தடவை வந்தவரும் சொந்த வீடு வச்சுக்கிட்டுத் தங்கத்தான் கேட்டாரு. பாத்தா ரூம் முழுக்கச் சரக்கு மூட்டை. நீங்க ஓனர் இல்லைன்னு தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லட்டும், சாவி தர்றேன்."

ஓனர் என்பதற்குப் பத்திரம் உண்டு. ஓனர் இல்லை என்பதற்கு எந்த ஆபீசில் முத்திரை குத்துவார்கள்? செத்துப்போன சொந்தக்காரரின் மகளுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. கடைசியில் தையல்காரம்மாவின் வாசலில் போய் நின்றார். அவள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. நான் இந்த வீட்டு ஓனர் இல்ல."

"தெரியும்ணே."

"எப்பலேருந்து?"

"குடிவந்த ரெண்டாவது வாரம். எந்த ஓனர் கூப்பிட்ட உடனே வருவாரு? இங்க குடியிருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் ஓனர்னு கூப்பிட்டீங்க?"

"வாட்ச்மேன்னு கூப்பிட்டா, மேலிடத்துல கேட்டுச் சொல்றேம்பீங்க. ஓனர்னு கூப்பிட்டா நீங்களே ஸ்பேனரோட வந்தீங்க."

"அன்னிக்கு அப்படித் திட்டினாங்களே?"

"யாரையாவது திட்டணும்ல. அந்தப் பொண்ணு கார்ல ஏறிப் போயிட்டா."

அவர் சிரிப்பு வருகிறதா, கோபம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். இரண்டும் வரவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மருந்துக்கடையில் நாலு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். தையல்காரம்மா அவர்களுக்கும் சேர்த்தே சாட்சி சொன்னாள். "இவரு ஓனர் இல்லீங்க. பதினோரு வருஷமாப் பாக்குறேன். இவருக்குன்னு ஒண்ணுமே கிடையாது."

"ஒண்ணுமேவா?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

"ஒண்ணுமே கிடையாது" என்றாள் அவள், நற்சான்று வாசிப்பது போல. இருமிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

சாவி கைக்கு வந்தது.

தெருவில் இறங்கியதும், "என்னண்ணே, இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார். நிஜமாகவே தெரியவில்லை.

"சரி, வாங்க. நாலு மணிக்கு வண்டி வருது. தையல் மெஷினை ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

அவர் அவள் பின்னால் நடந்தார்.