மடியில் வந்த வெல்லம்

போன மாதம் எங்கள் தெரு முனையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தூசியும் புகையும் ஊரை என்ன பாடுபடுத்துகின்றன என்று சொல்கிற நாடகம். தூசி அரக்கனாக வந்த பையன் முகமெல்லாம் வெள்ளையாகப் பூசியிருந்தான். கைதட்டி எல்லோரும் கலைந்த பிறகு அவனைக் கூப்பிட்டு, அது என்ன மாவு என்று கேட்டேன்.

“பவுடர்தான் ஆயா. கடையில வாங்கினது” என்றான்.

நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் கேட்டாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

நானும் ஒரு காலத்தில் அப்படி முகம் வெளுத்து நின்றவள்தான். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. அப்பா அங்கே அரவைக் கொட்டகையில் இருந்தார். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லை உடைத்து, மெஷினில் போட்டு மாவாக அரைக்கிற இடம் அது. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் சேறும் கரியுமாக வருவார்கள். என் அப்பா மட்டும் வெள்ளையாக வருவார். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

இன்னொரு பெருமையும் இருந்தது. அரவைக்காரர்களுக்கு மட்டும் வேலை முடிகிற நேரத்தில் மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார். அப்பா அதை வேட்டி மடியில் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைப்பார். முதலாளி எனக்காகவே கொடுத்து அனுப்புகிறார் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

என் படிப்பைப் பற்றி வீட்டில் ஓயாத பேச்சு நடந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அது படிக்கட்டும் என்பது அப்பாவின் கட்சி. இரண்டு பேருக்கும் நடுவில் என் சிலேட்டு ஊசலாடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். பட்டறைகளிலிருந்து வெள்ளைக் கழிவுத் தண்ணீர் ஓடையில் போய் விழும். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சூளைப் புகையில் காயப்போட்ட துணியிலெல்லாம் கரி படியும். இதைப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாயால் சொன்னால்தான் உறைக்கும் என்று வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். நான்தான் ஓடை. தெளிவாக ஓடிக்கொண்டிருந்த என்னை வெளுக்கடித்தது யார் என்று ஊரைப் பார்த்துக் கேட்க வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் பட்டறை வாசலிலேயே நாடகம் போடுவது என்று முடிவானது.

சோறு போடுகிற இடத்துக்கு எதிரே போய் நின்று பேசுவதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சிரித்தார். படிக்கிற பிள்ளை பேசத்தானே வேண்டும், நானும் வந்து பார்க்கிறேன் என்றார். அந்தச் சிரிப்பில் என் படிப்பு நிலைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

முகத்தில் பூச அரிசி மாவு கொண்டுவரச் சொல்லியிருந்தார் வாத்தியார். அம்மாவிடம் கேட்டேன். “கஞ்சிக்கே நொய்யப் பொறுக்கறேன், உம் மூஞ்சிக்கு மாவு கேக்குதா?” என்றாள்.

நான் கெட்டிக்காரி. அப்பாவின் வேலைச் சட்டையை அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். பின்பக்க வேலியில்தான் கிடக்கும். அதை ஒரு காகிதத்தின் மேல் உதறினேன். அரிசி மாவெல்லாம் எதற்கு? என்ன மிருது, என்ன வெள்ளை! பொட்டலம் கட்டிக்கொண்டு போய் நானும் பூசிக்கொண்டு, என்னோடு நடித்த பிள்ளைகளுக்கும் பூசிவிட்டேன். எங்கே வாங்கியது என்று கேட்ட வாத்தியாரிடம், எங்கள் வீட்டு மாவு என்றேன்.

பட்டறை வாசலில் கூட்டம் கூடியது. மேனேஜர் கேட்டருகே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரவைக்காரர்கள் கடைசியாகத்தான் வந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரும் வெள்ளை, நானும் வெள்ளை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

பாதி பேசியிருப்பேன். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

“எங்கடி எடுத்த இத?”

“உன் சட்டையிலதாம்பா.”

பக்கத்து டீக்கடைத் தவலையிலிருந்து தண்ணீரை மொண்டு என் முகத்தில் ஊற்றினார். துண்டால் தோல் எரிகிற மாதிரி துடைத்தார். மற்றப் பிள்ளைகளையும் இழுத்து இழுத்துக் கழுவினார். அதுகள் அழுதன. வாத்தியார் என்னங்க, என்னங்க என்று கேட்டபடி நின்றார். கூட்டத்திலிருந்து ஒருவன், “மேனேஜர் பாக்கறாருன்னு புள்ளயப் போட்டு ஒரசறான் பாரு” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அப்பா மடியை அவிழ்த்து அன்றைய வெல்லத்தை எடுத்து, பிட்டுப் பிட்டு எங்கள் எல்லோர் வாயிலும் திணித்தார்.

“மென்னு முழுங்கு. துப்பாத.”

நான் துப்பினேன். ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டு வெல்லம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பயந்தாங்கொள்ளி மகள் என்று பேர் கேட்கப் பிடிக்கவில்லை. போ பாப்பா, போ பாப்பா என்று அப்பா எவ்வளவோ கெஞ்சினார். என் ரோஷம் அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று; தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். அப்பா வழக்கம்போல வெல்லம் கொண்டுவந்தார். நான் கை நீட்டவில்லை. மாடக்குழியில் வைத்துவிட்டுப் போவார், எறும்பு தின்னும். சாயங்காலம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமுவார்.

இருமியே போய்ச் சேர்ந்தார். அதற்குள் நான் ஓரளவு வளர்ந்திருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்? அதே பட்டறையில் மாவு சலிக்கப் போனேன். முதல் நாள் வேலை முடிந்ததும் அதே மேஸ்திரி என் கையிலும் ஒரு வெல்லக்கட்டியை வைத்தார். தம்பி ஞாபகம் வந்து முந்தானையில் முடியப் போனேன்.

“இங்கியே தின்னுட்டுப் போ” என்றார். “நெஞ்சில ஒட்டன தூசிய வெல்லந்தான் இழுத்துக்கிட்டுப் போவும். உங்கப்பனாட்டம் மடியில கட்டிக்கினு போவாத.”

வெல்லம் தூசியை இழுக்குமோ இழுக்காதோ, நான் அறியேன். அன்றைக்கு அதை நம்புவதைத் தவிர அரவைக்காரர்களிடம் வேறொன்றும் இல்லை.

நாடகத்தன்று நான் துப்பிய துண்டு பட்டறை வாசல் சேற்றில் விழுந்தது. அப்பா அதையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெல்லம் வீணாகிறதே என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.