ஆட்டுக்கல்லில் தண்ணீர் குடித்த நாய்

என்னைக் கடித்தது தெருநாயாக இருந்தால் கல்லை எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். கடித்தது என் ஓரகத்தி வீட்டு நாய். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். உக்கடத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மாமியார் விட்டுப்போன ஆட்டுக்கல் யாருக்கு என்ற சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் கிரைண்டர் வந்துவிட்டது, அவள் வீட்டிலும் வந்துவிட்டது. கல்லை மட்டும் விடவில்லை. அவளுக்கு மாவு முக்கியமில்லை, என் வயிறு எரிய வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. வாசலில் கோலம் போடக் குனிந்திருந்தபோது அந்த நாய் என் கெண்டைக்கால் சதையைக் கவ்விவிட்டது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. அவள் மட்டும் நிலைப்படியில் நின்றபடியே ஊருக்குச் சொன்னாள்.

"எங்க நாயி கண்டதுல வாய வெக்காதுங்க. இருட்டுல தெரியாமக் கடிச்சுப்போட்டுதாட்ட இருக்குது."

காயத்தில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். வாய் மட்டும் பெரிசு.

"சுண்ணாம்பு யாருங்க தடவச் சொன்னது? மொதல்ல சோப்புப் போட்டுக் கொழாத் தண்ணியில நல்லாக் கழுவோணுமுங்க. நாய் எச்சில்ல வைரஸ் இருந்தா, நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறிக்கும். வெறி வந்துட்டா அப்பறம் மருந்தே இல்லீங்க."

கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, மெதுவாக ஏறி ஆளைக் கொல்லும். என் ஓரகத்தியின் குணம் அப்படியே அதற்கு.

தொப்புளைச் சுற்றி ஊசி, தினமும் ஒன்று. அந்த வலியைச் சொல்லி முடியாது. "நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லாத் திண்ணு, தண்ணி குடிச்சுட்டு இருந்தா ஊசிய நிறுத்திக்கலாம். செத்தாலோ காணாமப் போனாலோ ஒடனே வந்து சொல்லோணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால், நாயைத் தாராபுரத்தில் தன் தம்பி தோட்டத்துக்கு ஓரகத்தி அனுப்பப் போகிறாள் என்று பேச்சு. என் உயிர் அந்த நாயின் வாயில் இருக்கிறது. அது பஸ் ஏறினால் நான் என்ன ஆவது? வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, சுவருக்கு மேல் தலையை நீட்டினேன்.

"ஏனுங்கக்கா..."

"அட, சொவரு பேசுது!"

"நாயை எங்கீமு அனுப்பிப்போடாதீங்க. அது தண்ணி குடிக்கறத நான் பாக்கோணும்."

"எதுக்கு, திஷ்டி போடறதுக்கா?"

ஆனாலும் நாயை அனுப்பவில்லை. எதில் கட்டினாள் தெரியுமா? அந்த ஆட்டுக்கல்லில்! தண்ணீரை ஊற்றியதும் கல்லின் குழியில்தான். என் மாமியார் உளுந்தாட்டிய குழியில் அந்தச் சனியன் சளப் சளப் என்று நக்கியது. அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். குடிக்கிறதே என்று உயிரும் வரும். தினமும் காலையில் வாளி மேல் ஏறி இரண்டையும் அனுபவித்தேன்.

ஒரு நாள் நாய் தண்ணீரை முகர்ந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. வெறி வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பார்கள். எச்சில் இறங்குகிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் ஓடலாம் என்று சேலை மாற்றும்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நீங்க பாக்கறதுக்கு முந்தியே ஒரு சொம்பு மோரு குடிச்சுப்போட்டுதுங்க."

"அத அப்பவே சொல்லறதுக்கென்ன?"

"நீங்க கேக்கவேயில்லீங்களே!"

பத்தாம் நாளும் நாய் கொழுகொழுவென்று இருந்தது. டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டார். திரும்பி வந்த சந்தோஷத்தில் நேராக அவள் வாசலுக்கே போய் நின்றேன். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"பொழச்சுட்டீங்களா? வேணுமுன்னா இப்ப அந்தக் கல்லையும் எடுத்துக்குங்க. நாய் நக்குனது உங்களுக்குத்தான் ஆகும்."

"ஆகட்டுங்கக்கா. சோப்புப் போட்டுக் கழுவுனாப் போயிருமுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே ஆள் வைத்துக் கல்லை உருட்டி வந்து என் வாசலில் போட்டேன். சோப்புப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் நின்றிருந்தது. பழக்கத்தில் நாய் என் வாசலுக்கு வந்து குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. நான் விரட்டவில்லை. பழைய சோறும் வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.