தழை கழித்த புங்கமரங்கள்

“புரட்டாசி முதல் சனிக்கிழமை. அக்கா வயலில் புங்கந்தழை கழித்து, சேற்றில் மிதித்தாயிற்று.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமான வேலை, மேற்கொண்டு எழுதத் தோன்றவில்லை.

பூதலூருக்குக் கிழக்கே இருக்கும் அக்காவின் வயலில் பாதி களர், உப்பேறிய மண். வெயிலில் வெள்ளை பூக்கும், நட்ட பயிர் பழுத்துப்போகும். மேல்மண்ணைக் கேட்டுச் செங்கல் சூளைக்காரர் வருஷம் தவறாமல் வருவார். கொடுத்துவிடலாம் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில்தான், கார்பன் கிரெடிட் திட்டக்காரர்கள் வரப்போரம் நடப் புங்கங்கன்று கொடுத்தார்கள். மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கரியைக் கணக்கிட்டு, எங்கோ புகை விடும் ஆலைகளுக்கு அந்தக் கணக்கை விற்பார்களாம். மரம் நிற்கும்வரை விவசாயிக்கும் பங்கு. அதை நம்பி அக்கா சூளைக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

மரங்கள் ஆளுயரம் தாண்டின. நடவுக்கு முன் உரத்துக்குத் தழை மிதிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; களருக்குப் புங்கு நல்லது. அக்கா ஒரு கிளை விடாமல் கழித்துவிட்டாள்.

சில நாளில் திட்டத்தின் கள அலுவலர், ஓர் இளம்பெண், ஸ்கூட்டரில் பதறிக்கொண்டு வந்தார். நானும் வரப்பில் நின்றிருந்தேன்.

“சாட்டிலைட் படத்துல மரமே இல்லம்மா. வெட்டிட்டீங்கன்னு உங்க வயலை லிஸ்ட்லேருந்து எடுக்கச் சொல்றாங்க.”

“மேலேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். எறங்கி வந்து பாக்கச் சொல்லு. மொட்டை போட்டுக்கிட்டவனச் செத்துட்டான்னு எழுதுவியாம்மா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நகத்தால் பட்டையைக் கீறினார், உள்ளே பச்சை. மரம் மரமாக அடிப்பகுதியை டேப்பால் அளந்து போட்டோ எடுத்தார்.

“உயிரோட இருக்குன்னு எழுதி அனுப்புறேன். ஆனா அடுத்த தடவை பாதிக் கிளையையாவது விட்டுடுங்க.”

“பாதித் தழையில களர் அடங்குமா? நீயே சொல்லு.”

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

இப்போது தை. மரங்கள் துளிர்த்துவிட்டன. வெள்ளை பூக்கும் மூலையில்கூட, மணி பிடிக்காத பொக்கு கொஞ்சம் இருந்தாலும், கதிர் சாய்ந்திருக்கிறது. சூளைக்காரர் மறுபடி வந்தார். முன்பெல்லாம் முகத்திலடித்தாற்போல் மறுத்த அக்கா இந்த முறை, “லிஸ்ட் வரட்டும், சொல்றேன்” என்றாள்.

அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன். “இன்னும் பதில் வரலை சார்” என்றார். அக்காவின் வயல் பட்டியலில் இருக்கிறதா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.